மடிந்த காதின் சரித்திரம்

நவீன சிங்கப்பூரின் கதையில் ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு நாய் வருகிறது. வந்த வேகத்தில் செத்தும் போகிறது. முன்ஷி அப்துல்லா எழுதிய 'ஹிகாயத் அப்துல்லா'வில் அந்தச் சம்பவம் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபர்குவார் ரோச்சோர் ஆற்றோரமாக நடந்துகொண்டிருக்கிறார். கூடப்போன நாய் தண்ணீரில் இறங்குகிறது, முதலை பிடித்துக்கொள்கிறது. ஃபர்குவாருக்குக் கோபம். ஆற்றை மறித்துக் கட்டச்சொல்லி, முதலையைக் குத்திக்கொன்று, பிராஸ் பசா ஓடைப்பக்கம் ஒரு மரத்தில் தொங்கவிடச் செய்கிறார். இந்த ஊர் ஆற்றில் முதலை இருப்பதே அன்றைக்குத்தான் ஜனங்களுக்குத் தெரிந்ததாம்.

அப்துல்லா தமிழ் வேரும் அரபு வேரும் கலந்த மலாக்காக்காரர். சிறுவயதில் தமிழ் படித்தவர். அவர் சொல்லும் ரோச்சோர் ஆறுதான் இன்றைக்குக் கால்வாயாகி லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ஓடுகிறது. தேக்காவுக்குப் போகிறவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப்போகும் தண்ணீர்.

இந்தக் கட்டுரை முதலையைப் பற்றியது இல்லை. அந்த நாயைப் பற்றியதும் இல்லை. நாய்களின் காதுக்குள் வாழும் ஓர் ஈஸ்ட்டைப் பற்றியது. ஆனால் அந்தக் கதையை ஃபர்குவாரின் நாயிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்த நாயின் சாவு ஏன் எழுத்தில் ஏறியது? அது ரெசிடென்ட்டின் நாய். அதே கரையில் திரிந்திருக்கக்கூடிய மற்ற நாய்களை முதலை தின்றிருந்தால் யாரும் ஆற்றை மறித்திருக்க மாட்டார்கள். எந்த நாயின் உடம்பு பார்க்கப்படுகிறது, எது பார்க்கப்படுவதில்லை என்ற கேள்வி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காது நோயின் வரலாறும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

*

லிட்டில் இந்தியா ஒருகாலத்தில் மிருகங்களின் பேட்டை. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப்பெயர்களே சாட்சி சொல்லும். தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே வேரூன்றியது. பிலிலியோஸ் ரோட்டின் பெயர்கூடக் கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரியின் பெயர்தான். கொஞ்சம் வடக்கே ஃபேரர் பார்க்கில் 1843-இலிருந்து குதிரைப் பந்தயம். 1933-இல் மைதானம் புக்கிட் தீமாவுக்குப் போனபிறகும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மீன்தலைக் கறி வாசனையோடு தங்கிவிட்டது.

மாட்டுக்கும் குதிரைக்கும் அந்தக் காலத்தில் விலை இருந்தது. அதனால் வைத்தியமும் இருந்தது. மாடு செத்தால் நஷ்டம், குதிரை நொண்டினால் பந்தயம் போச்சு. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவம் வளர்ந்ததே இப்படித்தான். அந்தப் பெயரிலேயே 'கால்நடை' இருக்கிறது, பாருங்கள். நாய் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. நாய் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: வெறிநோய்.

1885-இல் பாஸ்டர் பாரிஸில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். தென்னிந்தியாவுக்கென்று 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அந்தக் காலத்து நாயைப் பற்றிய அரசு அக்கறை எல்லாமே வாயைப் பற்றியது. வாய்க்கூடு, உரிமம், பிடித்தல், சுடுதல். சிங்கப்பூர் 1953-இலிருந்து வெறிநோய் இல்லாத ஊராக இருக்கிறது. பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் வாயைப் பார்த்துப் பயந்த காலத்தில் காதுக்குள் எட்டிப்பார்க்க யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. நாயின் காது வரலாற்றுக்குள் வருவதற்கு நாய் முதலில் வீட்டுக்குள் வரவேண்டியிருந்தது.

*

இங்கிலாந்தில் அது கொஞ்சம் முன்னாடியே நடந்துவிட்டது. வேட்டை நாய்கள் வைத்திருந்த பிரபுக்களுக்கு நாயின் காதுவலி ஒரு பிரச்சினை. அந்தக் காலத்து நாய் வைத்தியப் புத்தகங்களில் காதில் சீழ், புண், நாற்றம், தலையை உதறுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கேங்கர்' என்று ஒரே பெயர். தண்ணீரில் அதிகம் இறங்கும் நாய்களுக்கு இது வரும் என்று அப்போதே கவனித்திருந்தார்கள். 1845-இல் நாய்களைப் பற்றித் தனிநூல் எழுதிய வில்லியம் யூவாட்டும் இந்த நோய்க்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். நோய் தெரிந்தது. காரணி தெரியவில்லை.

காரணியின் கதை மனிதத் தலையிலிருந்து வருகிறது. 1846-இல் ஐக்ஸ்டெட் என்ற ஜெர்மன் மருத்துவர், தோலில் திட்டுத்திட்டாகப் படரும் ஒரு நோயில் பூஞ்சை இருப்பதைக் கண்டார். நாம் தேமல் என்று சொல்கிற அதே நோய். மலாயில் பானாவ். 1874-இல் பாரிஸில் லூயி-ஷார்ல் மலசே என்பவர் பொடுகில் இதைப்போன்ற நுண்ணுயிரைப் பார்த்து விவரித்தார். 1889-இல் தாவரவியலாளர் பையோன் அவர் பெயரையே வைத்து 'மலசேசியா' என்று ஒரு பேரினத்தை உருவாக்கினார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். சங்கப் பாட்டு படித்தவர்களுக்குச் 'சுணங்கு' தெரியும். பெண்ணின் மேனியில் வேங்கைப் பூவின் நிறத்தில் தோன்றுவதாகப் புலவர்கள் வியந்து வியந்து சொன்ன புள்ளிகள். உரைகாரர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் எழுதுவார்கள். அந்தப் புலவர்கள் கண்ட சுணங்கு எது என்பது இலக்கியக்காரர்கள் சண்டை. ஆனால் இன்றைக்குத் தேமலோடு தோல் மருத்துவரிடம் போனால் அவர் எழுதித்தரும் களிம்பு மலசேசியாவுக்கு எதிரானது. ஒரே தோல், ஒரு மொழியில் அழகு, இன்னொரு மொழியில் நோய். இந்த உயிரியின் வரலாறு முழுக்க இந்தக் குழப்பம் கூடவே வருகிறது.

நாயின் காதில் இருப்பது இந்தப் பேரினத்தின் இன்னொரு இனம். அது முதலில் பெயர் பெற்றது நாயிடமிருந்து அல்ல. 1925-இல் ஃபிலடெல்ஃபியா விலங்குத்தோட்டத்தில் ஓர் இந்தியக் காண்டாமிருகத்துக்குத் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஃப்ரெட் வீட்மன் என்ற நோயியலாளர் அந்தச் செதில்களில் ஓர் ஈஸ்ட்டைக் கண்டு 'பேக்கிடெர்மாட்டிஸ்' என்று பெயரிட்டார். தடித்த தோலுடையது என்ற பொருளில் யானை, காண்டாமிருகம் போன்றவற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1935-இல் டாட்ஜ் என்பவர் அதை மலசேசியா பேரினத்துக்குள் கொண்டுவந்தார். ஆகவே இன்று மால்டீஸ் நாயின் மெல்லிய ரோஜாநிறக் காதில் வளரும் ஈஸ்ட்டின் அதிகாரபூர்வப் பெயர் 'மலசேசியா பேக்கிடெர்மாட்டிஸ்'. பிரம்மபுத்திரா சமவெளியும் நேபாளத் தராயும் சொந்தமான ஒரு மிருகம் அமெரிக்கக் கூண்டில் நோயுற்றதன் ஞாபகம் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது.

நாயின் காதுக்கு முறையாக வந்துசேர்ந்தது 1955-இல். ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப்சன் நாய்களின் வெளிக்காது அழற்சியை ஆராய்ந்து அதில் ஓர் ஈஸ்ட்டைக் கண்டார். நாய்க்கே உரியது என்று நினைத்துத் தனிப்பெயரும் வைத்தார். பிறகு பார்த்தால், காண்டாமிருகத்தில் கண்டதும் இதுவும் ஒன்றே.

*

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான், கதை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. இதே ஈஸ்ட் நோயில்லாத நாய்களின் காதிலும் இருந்தது. தோலில், உதட்டோரத்தில், கால்விரல் இடுக்குகளில் எல்லாம் இருந்தது. நல்ல காதிலும் இருக்கிறான், கெட்ட காதிலும் இருக்கிறான் என்றால் இவன் திருடனா, வீட்டுக்காரனா?

இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. காதில் கண்டாலும், தோல் நோய்க்கும் இது காரணமாக இருக்கும் என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1991-இல் கென்னத் மேசனும் எவான்ஸும் 11 நாய்களின் விவரங்களோடு மலசேசியாத் தோலழற்சியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அந்தத் தயக்கத்தை உடைத்ததில் முக்கியமானது.

அதற்குச் சற்று முன்பே, 1988-இல், ஜான் ஆகஸ்ட் என்ற அமெரிக்க விலங்கு மருத்துவர் காது நோயை யோசிக்கும் முறையையே மாற்றினார். ஒரே காரணத்தைத் தேடாதீர்கள் என்றார். முன்கூட்டியே வழிசெய்து வைக்கும் காரணங்கள் இருக்கின்றன: காதின் வடிவம், முடி, ஈரம். உண்மையில் தொடங்கிவைக்கும் முதன்மைக் காரணங்கள் இருக்கின்றன: ஒவ்வாமை, காதுப் பேன், உள்ளே போன புல் விதை, ஹார்மோன் கோளாறு. விடாமல் நீடிக்கச்செய்யும் காரணங்கள் இருக்கின்றன: தடித்துப்போன உட்சுவர், கிழிந்த செவிப்பறை. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இவற்றுக்கு நடுவில் வந்து பெருகுகிறவை. காலப்போக்கில் மற்றவர்கள் சேர்த்துச் செப்பனிட்ட இந்தச் சட்டகம்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

நான் பொறியாளன் என்பதால் இந்தச் சட்டகம் சட்டென்று பிடிபட்டது. தொழிற்சாலையில் ஃப்யூஸ் போனால் ஃப்யூஸை மாற்றலாம். மறுபடி போனால் மறுபடி மாற்றலாம். மூன்றாம் தடவை போகும்போதாவது யாராவது 'ஏன்' என்று கேட்கவேண்டும். காதில் ஈஸ்ட் பெருகுவது ஃப்யூஸ் போவது மாதிரி. அது ஏன் போனது என்பது வேறெங்கோ இருக்கிறது. நாயின் காதுக்குழாய் நம்முடையதுபோல ஏறத்தாழ நேராக இல்லை. மேலிருந்து செங்குத்தாக இறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. 'எல்' வளைவு போட்ட வடிகால் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாய்க்குமேல் மடிந்த காதுமடல் ஒரு மூடியாக விழுந்தால் ஈரம் வெளியேற வழி குறைகிறது. சராசரி ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டும் ஊரில் அது எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இங்கே நம் சட்டையே காய மறுக்கிறது.

*

அந்த மூடியை யார் போட்டது? நாம்தான்.

'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்பது பழமொழி. ஆனால் நாயின் காதை மடக்க முடிந்திருக்கிறது. ஓநாயின் காது நிமிர்ந்தது. 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் இதைக் கவனிக்கிறார்: வீட்டு மிருகங்களில் ஏதோவொரு நாட்டிலாவது தொங்கும் காதுடையதாக மாறாதது ஒன்றுமில்லை. நூறு வருடம் கழித்து, 1959-இல், சோவியத் சைபீரியாவில் திமித்ரி பெல்யாயெவ் நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். தேர்ந்தெடுத்தது குணத்தை மட்டுமே. ஆனால் சில தலைமுறைகளில் சில குட்டிகளுக்குக் காது தொங்க ஆரம்பித்தது. 2014-இல் ஆடம் வில்கின்ஸும் சகாக்களும் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். கருவில் பயத்தின் சுரப்பிகளை உருவாக்கும் அதே செல்கூட்டம்தான் காதுக் குருத்தெலும்பு, நிறமி போன்றவற்றுக்கும் பங்களிக்கிறது. பயம் குறைந்த மிருகத்தைத் தேர்ந்தெடுத்தால் காதின் விறைப்பும் கூடவே குறையலாம். இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருதுகோள்தான். ஆனாலும் நம்மிடம் பயப்படாமல் வந்து மடியில் படுத்ததற்கான விலையை அந்தக் காது கொடுக்கிறதோ என்ற எண்ணம் அதைப் படித்ததிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

இந்த விலையை ஓரளவு எண்ணிலும் பார்க்கலாம். பிரிட்டனில் 22,333 நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரே ஆண்டில் 7.3 சதவிகித நாய்களுக்கு வெளிக்காது அழற்சி இருந்தது. நிமிர்ந்த காதுடையவற்றோடு ஒப்பிட்டால் தொங்கும் காதுடைய இனங்களுக்கு வாய்ப்பு 1.76 மடங்கு. பாசெட் ஹவுண்டுக்குக் கலப்பின நாய்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. லாப்ரடூடுலுக்கு ஏறத்தாழ 3 மடங்கு. எல்லாம் காதின் வடிவத்தால் மட்டும் அல்ல, ஒவ்வாமைக்கான மரபும் சேர்ந்துதான். ஆனால் அந்த மரபையும் அழகுக்கும் தூய்மைக்குமாகச் சிறிய வட்டத்துக்குள் இனப்பெருக்கம் செய்து இறுக்கியது நாம்தான்.

*

இப்போது திரும்பச் சிங்கப்பூருக்கு வரலாம்.

இந்த ஊரில் ஏறத்தாழ 80 சதவிகிதம் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நாய். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிற்றினப் பட்டியலில் இருக்கவேண்டும். விதியின் நோக்கம் புரிகிறது. குரைப்பு, அக்கம்பக்கம், மின்தூக்கியில் பயப்படும் பாட்டி. அடுக்குமாடியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வீட்டுவசதி விதி, தன்னை அறியாமலேயே, ஓர் ஊரின் நாய்களுடைய காது எப்படியிருக்கும் என்பதிலும் கைவைக்கிறது. பட்டியலில் சிவாவா, பொமரேனியன் மாதிரி நிமிர்ந்த காதுக்காரர்களும் உண்டு. ஆனால் ஷீட்சூ, மால்டீஸ், டாய் பூடுல் என்று மக்கள் விரும்பி வாங்கும் பலவும் மடிந்த காதும் காதுக்குள் முடியும் கொண்டவை. சன்னல் சாத்தி, குளிர்சாதனம் போட்ட அறை. தரையோடு தூசிச் சிற்றுண்ணிகள். மனிதர்களுக்கே 'பிளோமியா ட்ராப்பிகாலிஸ்' என்ற சிற்றுண்ணியால் ஒவ்வாமை பரவலாக இருக்கும் ஊர் இது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு முதலில் சிவப்பது பெரும்பாலும் காதும் பாதமும்தான்.

மறுபக்கம், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கலப்பின நாய்க்கு இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று பெயர். கோப்பிக்கடையில் ஆர்டர் செய்கிற மாதிரி இருக்கும், ஆனால் அன்பாக வைத்த பெயர். கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் வளர்ந்த நாய்கள். அங்கே வேலைசெய்யும் நம்மூர்த் தொழிலாளிகள் மதியச் சோற்றில் ஒரு பிடி ஒதுக்கிவைத்த நாய்கள். நடுத்தர உயரம் என்பதாலேயே இவை நீண்டகாலம் வீவக வீட்டுக்கு வெளியே நின்றன. 2012-இல் 'அடோர்' என்ற திட்டம் வந்து, உயர வரம்புக்கும் பயிற்சிக்கும் உட்பட்டுச் சிலவற்றை வீட்டுக்குள் விட்டது. 2018-இல் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து மீண்டும் விடும் தேசியத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு விலங்குநலப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் வந்தது. மாட்டையும் இறைச்சியையும் கணக்கில் வைத்துப் பிறந்த ஒரு துறை பூங்காவுக்குள் வந்து சேர்ந்தது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் காது நோய் என்றால் நம் மனதில் வரும் படம் எது? மேசைமேல் நிற்கும் ஷீட்சூ. தெருநாய்க்கும் இந்த ஈஸ்ட் உண்டு, அதற்கும் அரிக்கும். யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஃபர்குவாரின் நாய்க்கு ஆறு மறிக்கப்பட்ட அதே கணக்கு.

*

2015-இல் இந்த ஈஸ்ட்டின் கதையில் சிங்கப்பூர் நேரடியாகவே நுழைந்தது. போனவிஸ்தா பக்கம் பயோபோலிஸில் இருக்கும் ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த தாமஸ் டாசன், நிரஞ்சன் நாகராஜன் உள்ளிட்ட ஒரு பன்னாட்டுக் குழு, அப்போது ஏற்கப்பட்டிருந்த 14 மலசேசியா இனங்களின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு வெளியிட்டது. நாய்க்காதின் இனமும் அதில் ஒன்று.

அந்த ஆய்வு காட்டும் உயிரி ரொம்பவும் ஏழை. கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு அதனிடம் இல்லை. மாவுச்சத்தைப் பயன்படுத்தும் திறனிலும் பலவற்றை இழந்திருக்கிறது. அதற்குப் பதிலாகக் கொழுப்பை உடைக்கும் நொதிகள் பெருகியிருக்கின்றன. அதாவது இன்னொருவர் தோலின் எண்ணெயை நம்பி மட்டுமே வாழ முடிந்த உயிர். ஆய்வகத்தில் மனிதத் தோலின் மலசேசியாவை வளர்க்க ஊடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றும் வழக்கம் உண்டு. நாயின் இனம் மட்டும் அந்த எண்ணெய் இல்லாமலும் சாதாரண ஊடகத்தில் வளர்ந்துவிடும். அதனால் இது கொழுப்பை நம்பாத இனம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். இல்லை, இதுவும் அந்தக் குடும்பம்தான், கொஞ்சத்தில் சமாளித்துக்கொள்கிறது.

நம் வீடுகளில் காதுவலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. பாட்டி காலத்துப் பழக்கம். நாய்க்கும் அதையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்க்காகவே பரிணமித்த ஓர் உயிருக்கு நாமே விருந்து வைக்க வேண்டுமா? அதைவிட முக்கியமான காரணம், செவிப்பறை கிழிந்திருந்தால் எதை ஊற்றினாலும் அது உள்காதுவரை போகலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் கருவி வைத்து உள்ளே பார்க்கிறார், பிறகு பஞ்சுக்குச்சியில் மெழுகைத் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஒரு பக்கம் பருத்து, இடை சிறுத்து, மறுபக்கம் சின்னதாக மொட்டுவிட்டு, செருப்புத்தடம் மாதிரி தெரியும் ஊதா உருவங்கள். அது மலசேசியா. சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் மருந்து எழுதினால் எதற்கு எழுதினோம் என்பதே தெரியாது.

கடைகளில் கிடைக்கும் நாய்க் காதுச்சொட்டு மருந்துகள் பலவற்றில் ஒரே புட்டியில் மூன்று இருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒரு ஸ்டீராய்டு. வசதிதான். ஆனால் வெறும் ஈஸ்ட் இருக்கும் காதில் ஒவ்வொரு முறையும் பாக்டீரியா மருந்தும் கூடவே போகிறது. போனமுறை மிச்சமானதை இந்தமுறை நாமே விட்டுக்கொண்டால் இன்னும் மோசம். பூஞ்சைமருந்துக்கு எளிதில் கட்டுப்படாத மலசேசியா வகைகளும் சமீப ஆண்டுகளில் உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. 2020-இல் உலகத் தோல்நோய் விலங்கு மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பும் இதை எச்சரிக்கிறது.

நாய்க்காதில் நடப்பது நாய்க்காதோடு நிற்பதில்லை என்பதற்கு 1998-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு கட்டுரை சாட்சி. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 குழந்தைகளிடம் மலசேசியா பேக்கிடெர்மாட்டிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பலருக்கு இரத்தத்திலேயே இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்புவழி கொழுப்புணவு ஏற்றுவார்கள், கொழுப்பு தேடும் ஈஸ்ட்டுக்கு அது வசதியான வழி. எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். பணியாளர்கள் வீட்டில் வளர்த்த 39 நாய்களைச் சோதித்ததில் 12-இடம் அதே ஈஸ்ட் இருந்தது. நாயைத் தடவிய கை, குழந்தையைத் தொட்ட கை. புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. கைகழுவுவதைக் கறாராக்கினார்கள், நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம்ம கேகே மருத்துவமனையின் பெயர். கண்டாங் கெர்பாவின் சுருக்கம்தான் கேகே. எருமைத் தொழுவத்தின் பெயரில் 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையான இடம், 1966-இல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவம் பார்த்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சிங்கப்பூரில் அந்தத் தலைமுறையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அங்கேதான் பிறந்தேன் என்பார்கள். 1997-இல் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறியது. மிருகமும் மனிதக் குழந்தையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதில் அங்கே யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. நுண்ணுயிரிகளுக்கும் அந்தக் கூச்சம் கிடையாது.

*

காது நோயைப் பற்றிப் பேசும்போது 'தொற்று' என்ற சொல்லைச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். தொற்று என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டியது. இந்த ஈஸ்ட் வெளியிலிருந்து வரவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. குட்டி பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயின் தோலிலிருந்து வந்து குடியேறிவிடுகிறது. சாதாரண நாட்களில் எண்ணெயைத் தின்றுகொண்டு, தொந்தரவில்லாமல் கிடக்கிறது. காதின் ஈரம் கூடும்போது, தோல் சிவக்கும்போது, மெழுகு அதிகமாகும்போது பெருகுகிறது. அப்போதுதான் அதற்கு நோய்க்கிருமி என்ற பெயர் கிடைக்கிறது. சொட்டு மருந்து விட்டால் எண்ணிக்கை குறையும், மறுபடி பழைய பெயர். ஒழித்துக்கட்டுவது மருத்துவத்தின் நோக்கமே இல்லை, பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான்.

வெறிநோயை 1953-இல் இந்தத் தீவு வென்ற முறை வேறு. அது எல்லையில் தடுத்து நிறுத்தக்கூடிய எதிரி. தனிமைப்படுத்தலாம், தடுப்பூசி போடலாம், ஒருநாள் 'இல்லை' என்று அறிவிக்கலாம். காதிலிருக்கும் ஈஸ்ட்டை அப்படி அறிவிக்கவே முடியாது. அதோடு வாழத் தெரிந்துகொள்வது பொறுமையான வேலை: குளித்தபின் காதை உலர்த்துவது, வாரம் ஒருமுறை மடலைத் தூக்கிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, பழுப்பு மெழுகோ புளித்த வாடையோ இருந்தால் தாமதிக்காமல் காட்டுவது. திரும்பத் திரும்ப வந்தால் 'இன்னொரு புட்டி கொடுங்க' என்று கேட்காமல், 'இதுக்கு ஒவ்வாமை இருக்கா, எதனால திரும்ப வருது' என்று கேட்பது.

கடைசிக் கேள்விக்கான பதில் சில சமயம் சாப்பாட்டில் இருக்கும், சில சமயம் வீட்டுத் தூசியில். சில சமயம் நாம் எந்த நாயை, எந்தக் காதுக்காக, எந்த இனப்பெருக்கக்காரரிடம் வாங்கினோம் என்பதிலேயே இருக்கும். அடுத்த தடவை ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள், காப்பகங்களில் காத்திருக்கும் சிங்கப்பூர் ஸ்பெஷல்களையும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அவற்றிலும் மடிந்த காது உண்டு, பாதி மடிந்ததும் உண்டு, ஒன்று நிமிர்ந்து ஒன்று விழுந்ததும் உண்டு. மடலைத் தூக்கிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.